அயலூரும் ஒருவர்க்குச் சொந்த ஊரே

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு ஓர் உண்மை பிறரைக் காட்டிலும் நன்கு தெரியும். அயலூர் என்று நாம் சொல்லும் ஒவ்வோர் ஊரும் யாரோ ஒருவர்க்குச் சொந்த ஊர். குப்பையைப் பற்றி எழுதப் புகுந்து இதனை ஏன் கூறுகிறோம் என்று அன்பர்கள் வினவலாம். வாயிற்படியைக் கடந்ததும் குப்பை ஒழிந்தது என்று எண்ணுகிறோம். அது ஒழிவதில்லை, மற்றொருவர் வாயிலைச் சென்றடைகிறது.

நாம் வாழும் கழக்கூட்டம் 2010ஆம் ஆண்டில் திருவனந்தபுரம் மாநகராட்சியுடன் இணைந்தது. அந்நகரின் குப்பை 2000ஆம் ஆண்டு தொடங்கி விளப்பில்சாலை என்னும் சிற்றூருக்குச் சென்றுகொண்டிருந்தது. அவ்வூர் மக்கள் நாற்றத்தையும் நீர் கெட்டதையும் பல்லாண்டு பொறுத்து, இறுதியில் கிளர்ந்தெழுந்தனர். 2011 டிசம்பரில் அந்நிலையம் மூடப்பட்டது.

எங்கள் குடும்பம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தது. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவுகள் அம்மாவட்டத்து நடுக்கல்லூர் முதலிய இடங்களில் கொட்டப்பட்டிருந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டபின், கேரள அரசு லாரிகளை அனுப்பி அவற்றைத் திரும்ப எடுத்துச் சென்றது. அச்செய்தியைப் படித்த அன்று எங்கள் வீட்டில் சினம் பொங்கிற்று. வாழும் ஊரின் கழிவு பிறந்த ஊரின் மண்ணிலா என்று மனம் கொதித்தது. ஆயினும் விளப்பில்சாலை மக்கள் பட்டதும் இதே துன்பம் அன்றோ?

நிற்க. இன்று ஹரித கர்ம சேனை மகளிர் நம் வீடு தேடி வந்து, சிறு கட்டணம் பெற்றுக்கொண்டு, மக்காத பொருள்களை எடுத்துச் செல்கின்றனர். "குப்பையைக் கொடுப்பதற்குப் பணமும் கொடுக்க வேண்டுமா?" என்று நம்மவர் சிலர் கேட்கின்றனர். அக்கேள்விக்கு விடை காண, ஒரு மாதம் சேர்ந்த உறைகளைக் கூடத்தில் பரப்பிப் பிரித்துப் பார்த்தோம்.

தண்ணீர்ப் பாட்டில், பால் உறை ஆகியவற்றைப் பழைய சாமான் கடைக்காரர் விலைக்கு எடுப்பார். எஞ்சியவை பிஸ்கட்டு, வறுவல், ஷாம்பு முதலியவற்றின் உறைகள். இவற்றை எவரும் வாங்குவதில்லை. ஈரமும் காற்றும் புகாதிருக்க, பலவகைப் பிளாஸ்டிக்கையும் சிலவற்றில் அலுமினியத்தையும் ஏடு ஏடாக ஒட்டி இவற்றைச் செய்கின்றனர். பண்டத்தைக் காக்கும் அந்த ஒட்டே, பின்னர் அவற்றைப் பிரித்து மீண்டும் பயன்படுத்தத் தடையாகிறது. ஆதலின் சேர்த்தெடுத்த இவ்வுறைகள் சிமெண்டு ஆலைகளின் உலைக்கு எரிபொருளாகச் செல்வதே மிகுதி.

இச்சிறு உறை வாணிகத்தில் நம் தமிழகத்துக்கும் பெரும் பங்குண்டு. கடலூர் சின்னி கிருஷ்ணன் இம்முறையின் முன்னோடி எனப் போற்றப்படுகிறார். அவர் மைந்தர் சி. கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய தொழில், சிற்றூர்களிலும் ஷாம்புவைப் பரப்பிற்று. புட்டி வாங்க இயலாத ஏழைக்கும் எட்டச் செய்த அருஞ்செயல் அது. அதனைக் குறைகூற வேண்டுவதில்லை. ஆனால் புட்டியே வாங்க வல்ல நாமும் சிறு உறைகளைச் சரம் சரமாக வாங்குவது எதற்கு?

எங்கள் இல்லத்துக்கு வரும் சேனை மகளிடம், நாங்கள் என்ன செய்தல் வேண்டும் என்று வினவினோம். "கழுவி உலர்த்தித் தந்தால் போதும், சேச்சி" என்றார். பால் புளித்த உறையையும் குழம்பு ஒட்டிய பொட்டலத்தையும் பிரிப்பவை அப்பெண்டிரின் கைகளே. நாம் தரும் கட்டணம் குப்பையின் விலை அன்று. அக்கைகளின் உழைப்புக்கு உரிய ஊதியம்.

எனினும் சுமை முழுவதும் இல்லத்தார்மீதும் அம்மகளிர்மீதும் விழுதல் நீதியாகாது. தாம் சந்தைக்கு அனுப்பும் பிளாஸ்டிக் உறைகளைத் திரும்பச் சேர்த்து மறுபயனாக்கும் பொறுப்பு உற்பத்தியாளருடையது என்று 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் கூறுகின்றன. வகைவாரியாக எவ்வளவு செய்தல் வேண்டும் என்பதை 2022இல் வந்த நெறிமுறைகள் வரையறுத்தன. உறையின் புறத்தே நிறுவனத்தின் பெயரும், நுகர்வோர் எழுதுவதற்கான முகவரியும் அச்சிடப்பட்டுள்ளன. விலையைப் பார்க்கும் நம் கண் அவ்வரிகளையும் பார்த்தல் வேண்டும்.

ஆகவே நம் குடும்பங்களுக்கு நான்கு செய்திகளைப் பணிவுடன் முன்வைக்கிறோம். உறைகளைக் கழுவி உலர்த்தியே கொடுப்போம். எண்ணெயோ ஷாம்புவோ, மாதத்துக்கு வேண்டியதை ஒரே கலத்தில் வாங்குவோம். கடைக்கு மஞ்சள் பையை எடுத்துச் செல்வோம். நாம் மிகுதியாக வாங்கும் பண்டங்களைச் செய்வோர்க்கு, "உங்கள் உறையைத் திரும்பப் பெற எங்கள் ஊரில் என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்?" என்று சங்கத்தின் பெயரால் கடிதம் எழுதுவோம். ஒரு வீடு கேட்டால் மறுமொழி வாராது போகலாம். பல வீடுகள் கூடிக் கேட்டால் புறக்கணிப்பது எளிதன்று.

வந்த ஊருக்குச் சுமையாகாமல் வாழ்வது குடிபெயர்ந்தோர்க்கு அழகு. நெல்லை மண்ணில் எது விழக்கூடாது என்று நாம் விரும்பினோமோ, அது இவ்வூர் மண்ணிலும் விழாமற் காப்போமாக.