கல்லடிப் பாலமும் ஒரு கரண்டிச் சீனியும்

எங்கள் வீட்டு நடைபாதையின் நீளம் 22 மீற்றர். முன் கேற்றில் தொடங்கி, வீட்டுக்கும் மதிலுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய சந்தால் போய், கிணற்றடியில் முடியும். உம்மாவின் தையல் நாடாவை வைத்து நான்தான் அளந்தேன். சுபஹ் தொழுகை முடிந்ததும் உம்மா இந்த 22 மீற்றரை 99 தடவை நடக்கிறார். கணக்குப் பிழைக்காமல் இருக்கக் கையில் தஸ்பீஹ். கிணற்றடி சேர்ந்தால் ஒரு மணி, கேற்றடிக்குத் திரும்பினால் அடுத்த மணி, ஒவ்வொரு மணிக்கும் ஒரு திக்ர். எல்லா மணியும் உருண்டு முடிய 35 நிமிடமளவில் செல்லும்.

காத்தான்குடி வளவுகள் எப்படிப்பட்டவை என்று இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒரு துண்டு நிலம். அதில் மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள். பிரதான வீதியில் பேரீச்ச மரங்களின் ஓரமாக விடியப்புறம் ஆண்கள் சப்பாத்துப் போட்டு நடக்கிறார்கள். உம்மாவுக்கு அங்கே போக வெட்கம். "ஆரும் ஒண்டும் சொல்ல மாட்டாங்க உம்மா" என்றால், "சொல்ல மாட்டாங்க, பாப்பாங்க" என்பார். கிளினிக்கில் கொடுத்த கடதாசியில், தினமும் 30 நிமிடம் நடக்கவும் என்று இருக்கிறது. எங்கே நடப்பது என்று அதில் இல்லை. அந்த விடுபட்ட இடத்தை உம்மா கிணற்றடிச் சந்தால் நிரப்பிக்கொண்டார்.

உம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்து மூன்று வருடம். அது எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. மூத்தம்மாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தபோது நான் ஆறாம் வகுப்பு. வாழ்நாள் முழுக்கப் பன்பாய் இழைத்து, அதைக் கட்டித் தலையில் வைத்து வீடு வீடாக நடந்து விற்றவர் அவர். கட்டிலில் இருந்தபடி, "கால் போனதுக்குப் பொறகுதான் மகள் நடந்த தூரமெல்லாம் ஞாபகம் வருது" என்று ஒருநாள் சொன்னார். அதை உம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். 99 மணி நடைக்கு உண்மையான காரணம் கிளினிக் கடதாசி அல்ல, அதுதான் என்று நினைக்கிறேன்.

நானா தன் பழைய போனை உம்மாவுக்குக் கொடுத்த பிறகு இந்த நடைக்கு ஒரு இலக்கம் வந்து சேர்ந்தது. நடந்து முடித்ததும் அதில் பச்சை வட்டமொன்று நிறைந்து, எரித்த கலோரி 168 என்று காட்டும். உம்மாவுக்கு அந்த வட்டத்தில் பெரிய சந்தோசம். காலைத் தேத்தண்ணிக்குக் குவித்து இரண்டு கரண்டி சீனி போடுவார். நான் பார்த்தால், "நூத்தி அறுபத்தெட்டு எரிச்சிட்டன். கணக்கு நேர்" என்பார்.

அந்த நேர்க்கணக்கைத்தான் நான் சரிபார்க்கப் புறப்பட்டேன்.

முதலில், போன் எதை அளக்கிறது? அதற்குத் தெரிந்தது குலுக்கம் மட்டுமே. குலுக்கத்தை எண்ணிக் காலடிக் கணக்கு எடுக்கிறது. அதில் அது கெட்டிக்காரன். உம்மாவின் பத்துக் காலடியை அளந்தேன், 5.5 மீற்றர் வந்தது. ஆக ஒரு காலடி 55 சென்ரிமீற்றர். 22 ஐ 99 ஆல் பெருக்கினால் 2178 மீற்றர். அதற்கு 3960 காலடி வேண்டும். போனும் நாலாயிரத்தை ஒட்டியே காட்டியது. தஸ்பீஹும் போனும் ஒன்றுக்கொன்று சாட்சி.

காலடிக்குப் பிறகு வருவதெல்லாம் மதிப்பீடு. கலோரியைப் போன் அளப்பதில்லை, ஊகிக்கிறது. உண்மையாக அளக்க வேண்டுமென்றால் ஆளை ஒரு மூடிய அறைக்குள் வைத்து, அவர் உடல் விடும் வெப்பத்தை அளக்க வேண்டும். 1890களில் அமெரிக்காவில் அட்வாட்டர் என்ற விஞ்ஞானி அப்படியொரு அறையைக் கட்டி, ஆட்களை நாட்கணக்கில் அதற்குள் இருக்க வைத்தார். சோற்றுக்கும் சீனிக்கும் ஒரு கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்று நாம் இன்று பாடமாக்கும் இலக்கங்கள் அவருடைய வேலையிலிருந்து வந்தவை. அதைவிட இலகுவான வழி, ஆள் சுவாசிக்கும் ஒட்சிசனை அளப்பது. ஒரு லீற்றர் ஒட்சிசன் செலவானால் ஏறத்தாழ 5 கலோரி எரிந்திருக்கிறது என்று பொருள். (நாம் கலோரி என்று சொல்வதெல்லாம் உண்மையில் கிலோகலோரி. பௌதிகவியல் ஆசிரியை இதை வாசித்தால் பொறுத்தருள வேண்டும்.)

முகமூடி போட்டுப் பலரை நடக்க வைத்து அளந்ததிலிருந்து, சமதரையில் நடப்பதற்கு ஒரு சூத்திரம் கிடைத்திருக்கிறது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் பெயரால் அறியப்படும் அதைக் கொப்பியில் எழுதிப் பார்க்கலாம், அவ்வளவு சின்னது. நிமிடத்துக்கு எத்தனை மீற்றர் நடக்கிறோம் என்பதை 0.1 ஆல் பெருக்கி, 3.5 ஐக் கூட்ட வேண்டும். வருவது, உடல் நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் ஒட்சிசன் செலவாகிறது என்பது.

அந்த 3.5 தான் கள்ளன். அது நடப்பதற்கான செலவு அல்ல, சும்மா இருப்பதற்கானது. உம்மா நடக்காமல் கதிரையில் இருந்து ஓதிக்கொண்டிருந்தாலும் அது போகும். நடையால் மேலதிகமாக என்ன எரிந்தது என்று கேட்டால் அதைக் கழிக்க வேண்டும். கழித்தால் ஓர் அழகான விசயம் வெளிவருகிறது. வேகம் கணக்கிலிருந்து விழுந்துவிடும். மீற்றருக்கு 0.1 மில்லிலீற்றர் என்றால் கிலோமீற்றருக்கு 100. கலோரியாக மாற்றினால், ஒரு கிலோமீற்றர் நடக்க உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் அரைக் கலோரி. மெதுவாக நடந்தாலென்ன, கொஞ்சம் எட்டி நடந்தாலென்ன, ஏறக்குறைய அதே அரை.

உம்மா 60 கிலோ. கிலோமீற்றருக்கு 30 கலோரி. 2178 மீற்றருக்கு 65.

168 எங்கே, 65 எங்கே! போனின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது விளங்கிற்று. அதில் இருந்தது நானாவின் உயரம், நானாவின் நிறை 78 கிலோ. அவருடைய 75 சென்ரிமீற்றர் காலடியையும் 78 கிலோவையும் போட்டு, சாதாரண நடை வேகத்தை வைத்து, சும்மா இருப்பதற்கான பங்கையும் கழிக்காமல் விட்டுப் பார்த்தேன். 167 வந்தது. தினமும் விடியப்புறம் எங்கள் கிணற்றடிச் சந்தில் நடந்துகொண்டிருந்தது, போனைப் பொறுத்தவரை நானா.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. அந்த 3.5 என்ற இலக்கமே 70 கிலோ நிறையுள்ள, 40 வயது ஆண் ஒருவரை வைத்து வந்தது என்று சொல்வார்கள். 2005 இல் வெளியான ஆய்வொன்றில் 769 பேரை ஓய்வில் வைத்து அளந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். சராசரி 2.6 அளவில்தான் நின்றது. எல்லோருக்குமாகத் தைத்த சட்டை எங்களுக்குத் தொளதொளவென்று இருப்பதில் ஆச்சரியமில்லை.

65 என்பது எவ்வளவு? ஒரு லீற்றர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு பாகை கூட்ட ஒரு கலோரி வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரை 30 பாகை என்று வைத்தால், உம்மாவின் நடை ஒரு லீற்றரை 95 பாகைக்குக் கொண்டுபோகும். கேத்தல் சத்தம் போடத் தொடங்கியிருக்கும். ஒரு பெண் தன் காலால் நடந்தே ஒரு கேத்தல் தண்ணீரைக் கொதிக்கும் தறுவாய்க்குக் கொண்டுவருகிறார் என்றால் அதைச் சின்ன விசயம் என்று யார் சொல்வது? ஆனால் அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி ஊற்றிச் சீனி போடும்போதுதான் கதை மாறுகிறது. மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டிச் சீனி 4 கிராம், 16 கலோரி. நாலு தேக்கரண்டியோடு கேத்தல் காலி.

கல்லடிப் பாலத்தை வைத்தும் பார்த்தேன். லேடி மானிங் பெயரில் 1924 இல் கட்டிய பழைய இரும்புப் பாலம். 2013 இல் பக்கத்தில் புதுப்பாலம் வந்த பிறகு வாகன நெரிசல் அங்கே போய்விட்டது. பழையதில் நின்று வாவிக் காற்று வாங்கலாம். அதன் நீளம் ஏறக்குறைய 290 மீற்றர். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்த் திரும்பி வந்தால் உம்மாவின் நிறைக்கு 17 கலோரி. ஒரு கரண்டிச் சீனிக்கு ஒரு தடவை வாவியைக் கடந்து மீள வேண்டும். குவித்த இரண்டு கரண்டியை நிறுத்துப் பார்த்தேன், 10 கிராம் இருந்தது. அது 40 கலோரி. நாளைக்கு நாலு தேத்தண்ணி என்றால் 160. அதை நடந்து தீர்க்க 5 கிலோமீற்றருக்கு மேல் வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டு, நாவற்குடா, கல்லடி எல்லாம் தாண்டி, பாலம் ஏறி நகருக்குள் இறங்கும் தூரம். ஒவ்வொரு நாளும். வெறும் தேத்தண்ணிச் சீனிக்கு மட்டும்.

நானாவிடம் சொன்னேன். "உம்மாக்கிட்ட சொல்லாத. நடக்கிறதயும் உட்டுடுவாங்க" என்றார். நியாயமான பயம்தான். அந்தப் பச்சை வட்டத்துக்காகவே உம்மா காய்ச்சலோடும் நடந்த நாட்கள் இருக்கின்றன. இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் சீனிப் போத்தல் திறக்கும் சத்தம் கேட்டது. 168 என்ற இலக்கம் உம்மாவை நடக்க வைக்கிறது, சரி. அதே இலக்கம்தான் அந்தப் போத்தலையும் திறக்கிறது. மூத்தம்மாவின் கால் எனக்கு நினைவுக்கு வந்தது.

கொப்பியை விரித்து எல்லாவற்றையும் காட்டினேன். உம்மா ஓ.எல். வரை படித்தவர், தையல்காரி. அளவுக் கணக்கு எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். 65 ஐப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் நடந்தது சும்மாவா மகள்?"

இல்லை என்று சொல்ல எனக்குக் கையில் இரண்டு விசயம் இருந்தது. ஒன்று, உயிரியல் பாடத்தில் படித்தது. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் கைகொடுக்காத நேரத்திலும் அது இரத்தத்திலிருந்து குளுக்கோசை உள்ளே எடுத்துக்கொள்ளும். உம்மாவின் வருத்தமே இன்சுலினின் சொல்லை உடம்பு கேட்காததுதான். அந்த 35 நிமிடமும், அதற்குப் பிறகு கொஞ்ச நேரமும், கால் தசை வேறு வாசலால் சீனியை இழுக்கிறது. இது போனின் எந்த வட்டத்திலும் வராது.

மற்றது மணல். சூத்திரம் கட்டாந்தரைக்கு எழுதியது. 1998 இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்தபோது, மணலில் நடக்கக் கட்டாந்தரையைவிட 2.1 முதல் 2.7 மடங்கு வரை சக்தி போனது. எங்கள் சந்து கடற்கரை மாதிரிப் புதையும் மணல் அல்ல, கூட்டிக் கூட்டி இறுகியது. என்றாலும் தார் வீதியும் அல்ல. அதோடு 22 மீற்றருக்கு ஒரு தடவை நின்று திரும்புவதற்கும் ஒரு செலவு இருக்கிறது. ஆகவே 65 என்பது கீழெல்லை. உண்மை அதற்கு மேலே எங்கோ இருக்கும், ஆனால் 168 இல்லை. இதைச் சொன்னபோதுதான் உம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "கடற்கரை மணல்ல நடந்தா ரெண்டு மடங்கா?" என்று கேட்டார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குடும்பமாகப் போகும் இடம். அங்கே நடந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள், எல்லோரும் கடலைப் பார்ப்பார்கள்.

மூத்தம்மாவின் பாய்க்கட்டைப் பற்றியும் கேட்டார். அதற்கும் ஒரு பதில் இருந்தது. 1986 இல் கென்யாவில் தலையில் சுமை தூக்கிப் பழகிய பெண்களை முகமூடி போட்டு நடக்க வைத்து அளந்திருக்கிறார்கள். தங்கள் நிறையில் ஐந்திலொரு பங்கு வரை சுமந்தபோதும், சும்மா நடந்ததைவிட ஒட்சிசன் கூடவில்லை. சின்ன வயதிலிருந்தே சுமந்து பழகிய நடை அவர்களுடையது. எங்கள் மூத்தம்மாவுக்கு யாரும் முகமூடி போட்டுப் பார்க்கவில்லை.

போனில் நிறையை 60 ஆகவும் உயரத்தை உம்மாவுடையதாகவும் மாற்றிக் கொடுத்தேன். இரண்டு நாள் பார்த்துவிட்டு உம்மா அதை அலமாரியில் வைத்துவிட்டார். நடை நிற்கவில்லை. தேத்தண்ணி நாலிலிருந்து குறையவும் இல்லை. சீனி மட்டும் போய்விட்டது. வெறும் சாயம் தொண்டைக்குள் இறங்குவதில்லை என்று, பக்கத்தில் ஒரு தட்டில் பேரீச்சம்பழம் வந்திருக்கிறது. நோன்புக்கு வந்த பெட்டியில் மிச்சம், நல்ல பெரிய மெஜூல்.

"இதுக்கு எவ்வளவு மகள்?"

பார்த்துச் சொன்னேன். பெரிய மெஜூல் ஒன்று 66. உம்மாவின் முழு நடையைவிட ஒன்று கூட.

"கொட்டயக் கழிச்சிட்டா?"

கொட்டையைக் கழித்துத்தான் 66 என்றேன். கத்தியை எடுத்துப் பழத்தை நாலாக வெட்டினார்.