குழந்தையிடம் முதலில் கேட்டவர் யார்?



பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு குழந்தையை, வழக்கின் பொருட்டு மனநல மதிப்பீட்டுக்காக என்னிடம் அழைத்து வரும்போது, உடன் வரும் பெரியவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: "எனக்கு முன்பு இப்பிள்ளையிடம் யார் யார், எத்தனை முறை விசாரித்தீர்கள்?"

"நாலு நாளாச் சொல்லிக் கொடுத்துத்தான் கூட்டிட்டு வந்திருக்கேன். எங்கேயும் தடுமாற மாட்டா" என்றார் ஓர் உம்மா. பாசத்தால் செய்த காரியந்தான். ஆனால் அச்சிறுமியின் வாயிலிருந்து பெரியவர்களின் சொற்களல்லவா வந்தன! எது அவளுடைய நினைவு, எது உம்மாவின் வாக்கியம் என்று பிரித்தறிவது பெரும்பாடாயிற்று. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேறென்ன வேண்டும்?

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மக்மார்ட்டின் மழலையர் பள்ளி மீது 1983இல் புகார் எழுந்தது. நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம், விடையை உள்ளடக்கிய கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். "மற்றப் பிள்ளைகள் சொல்லிவிட்டார்களே" என்றும் தூண்டினார்கள். 1990இல் ஒருவர்கூடத் தண்டிக்கப்படாமல் வழக்கு முடிந்தது. கேட்ட விதமே பிள்ளைகளின் சொல்லைப் பயனற்றதாக்கிவிட்டது.

பின்னர், மைக்கேல் லாம்ப் முதலிய ஆய்வாளர்கள் வகுத்த முறை மிக எளியது. முதலில் வேறெதையேனும், சென்ற பெருநாளைப் பற்றியேனும், பிள்ளையைப் பேச விடவேண்டும். தெரியாததைத் 'தெரியாது' எனச் சொல்லலாம் என்று உணர்த்தவேண்டும். அதன்பின், "நடந்ததை முதலிலிருந்து சொல்லம்மா" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கவேண்டும். அந்த மௌனத்தைப் பொறுப்பதுதான் கடினம்! பிள்ளை வரைந்த படத்தைப் பார்த்தே உண்மையைக் கண்டுபிடித்துவிடுவோம் எனச் சிலர் நம்புகிறார்கள். அந்த வித்தை எனக்குத் தெரியாது. பிள்ளையின் புரிதல், பேச்சு, அச்சம், உறக்கம் ஆகியவற்றை எழுதித் தருவேன். குற்றவாளி யார் என்பதை முடிவு செய்வது நீதிமன்றம்.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பிள்ளையின் பக்கம் நிற்கிறது. வாக்குமூலம் வாங்கும் காவலர் சீருடையில் வரலாகாது. பிள்ளையின் வீட்டிலேயே வாங்கலாம். சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளையின் கண்ணில் படலாகாது. குற்றத்தை அறிந்தவர் புகார் செய்தே ஆகவேண்டும். மானம் கருதி மஹல்லாவுக்குள் பேசி முடிக்க எவருக்கும் உரிமையில்லை.

ஆகவே, பிள்ளை வாய் திறந்தால் குறுக்கிடாமல் கேளுங்கள். "நீ சொன்னது நல்லது" என்று அணைத்துக்கொள்ளுங்கள். அது சொன்ன சொற்களை அப்படியே, தேதியிட்டுக் குறித்து வையுங்கள். 1098க்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவியுங்கள். வாப்பா வந்ததும் ஒருமுறை, நன்னிமா வந்ததும் ஒருமுறை என்று பிள்ளையைச் சொல்ல வைக்காதீர்கள். என்னிடம் வரும்போது அந்தத் தாளைக் கொண்டு வாருங்கள். கொச்சையாய் இருக்கிறதே என்று திருத்தி எழுதிவிடாதீர்கள்.