தோற்றவர்கள் ஆடக்கூடாதா?



"ஆண்டு மலருக்கு ஏதாவது தன்னம்பிக்கைக் கட்டுரை எழுதுடா" என்றான் ஹாஸ்டல் நண்பன். எனக்கு வந்ததோ கால்பந்துதான். காரணம் உங்களுக்கே தெரியும். இந்த வருஷம் நம் கல்லூரியிலிருந்து கால்பந்து டீம் எங்கேயும் போகவில்லை. "போன தடவை முதல் மேட்சிலேயே ஆறு கோல் வாங்கிட்டு வந்தீங்களேப்பா, அதுக்கு பஸ் காசு வேறயா?" என்று கேட்டுவிட்டார்கள். கேள்வி நியாயம்தானே என்று நம்மில் சிலரும் தலையாட்டினார்கள்.

தோற்றால் ஒரு டீமைக் கலைத்துவிடலாமா? இதே கேள்வியைக் கேட்டு, கலைத்தும் காட்டிய ஒரு பெரிய பல்கலைக்கழகம் உண்டு. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம். நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த விஞ்ஞானி சந்திரசேகர் 1937ல் வேலைக்குச் சேர்ந்து, 1983ல் நோபல் பரிசு வாங்கினாரே, அதே இடம்தான்.

அவர்கள் ஆடியது நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு முட்டி மோதி ஓடும் அமெரிக்க ஆட்டம். 1892ல் வகுப்புகள் தொடங்கியபோதே ஆட்டமும் தொடங்கிவிட்டது. ஆமோஸ் அலோன்சோ ஸ்டாக் என்பவர் 1932 வரை, 41 சீசன், ஒரே ஆளாகப் பயிற்சியாளர்! பின்னாளில் 'பிக் டென்' என்று பெயர் பெற்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பில் ஏழு முறை சாம்பியன். 1905ல், 56 ஆட்டங்களாகத் தோல்வியே அறியாத மிச்சிகனை 2-0 என்று மண்ணைக் கவ்வ வைத்தார்கள். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை 1935ல் முதன்முதலாக வாங்கிய ஜே பெர்வாங்கரும் சிகாகோ மாணவர்தான்.

அப்புறம் சரிவு. மற்ற பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களைத் தேடிப்பிடித்துச் சேர்த்தன. சிகாகோ படிப்பில் கெடுபிடியாக நின்றது. 1939ல் அதே மிச்சிகனிடம் 85-0! ஹார்வர்டிடம் 61-0, ஒஹையோ ஸ்டேட்டிடம் 61-0. எட்டு ஆட்டத்தில் ஆறு தோல்வி. தலைவர் ஹட்சின்ஸ், கல்லூரி என்பது ஆட்டக் கம்பெனி அல்ல என்ற கொள்கைக்காரர். அந்த டிசம்பரில் நிர்வாகக் குழு கூடி டீமை நிறுத்திவிட்டது.

மைதானம் சும்மா இருக்கவில்லை. 1942 டிசம்பர் 2ஆம் தேதி, ஆளில்லாத மேற்குக் காலரியின் அடியில் இருந்த ஸ்குவாஷ் கோர்ட்டில், என்ரிகோ பெர்மியின் குழு சுமார் 45,000 கிராஃபைட் கட்டிகளை அடுக்கி, உலகின் முதல் அணு உலையை இயக்கிக் காட்டியது! பிற்பாடு காலரியை இடித்தார்கள். இன்று அந்த இடத்தில் பெரிய நூலகம் நிற்கிறது.

"பாத்தியா, ஆட்டத்தை நிறுத்தினதாலதான் விஞ்ஞானம் வளர்ந்தது" என்று நண்பன் மடக்கினான். இல்லை நண்பா. காலரி காலியாக இருந்தது வசதியாகப் போயிற்று, அவ்வளவுதான். இன்னொன்றையும் கவனி. சிகாகோ நிறுத்தியது வெளியூர்ப் போட்டியை மட்டும். வளாகத்துக்குள் மாணவர்கள் தங்களுக்குள் விளையாடுவதை நிறுத்தவில்லை. நம்மிடமோ டீம் போனதும் கோல் போஸ்ட்டும் போய்விட்டது. மைதானத்தில் இப்போது டூவீலர் நிற்கிறது.

சிகாகோவிலும் ஆசை விடவில்லை. 1960களில் சில மாணவர்கள் மறுபடி ஆட ஆரம்பித்தார்கள். "படிப்பு கெடும், பழைய ஆர்ப்பாட்டம் திரும்பி வரும்" என்று 1963ல் வேறு மாணவர்கள் மைதானத்தின் நடுவிலேயே உட்கார்ந்து மறித்தார்கள். ஆனாலும் 1969ல் டீம் திரும்பி வந்தது. இன்றும் ஆடுகிறது. ஆட்டத்துக்கென்று உதவித்தொகை கிடையாது. படிக்க வந்தவன் ஆசைக்கு ஆடுகிறான். நிறுத்த ஒரு கூட்டம் போதுமாயிருந்தது, திரும்பி வர முப்பது வருஷம் ஆனது!

என் ஊர் திருப்புட்குழி. ராவணனிடம் தோற்று விழுந்த ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த தலம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஜெயிக்க முடியாது என்று தெரிந்தும் எதிர்த்து நின்ற பறவைக்கு மரியாதை செய்த ஊர். அந்த ஊர்க்காரனுக்கு ஆறு கோல் ஒரு அவமானமாகத் தெரியவில்லை. ஆடாமல் இருப்பதுதான் உறுத்துகிறது.

பஸ் காசு வேண்டாம், கோப்பையும் வேண்டாம். கேட்பது இரண்டே இரண்டு. வண்டிகளை மைதானத்தின் ஓரமாக நிறுத்துங்கள். மாலை வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம் வாருங்கள். மெக்கானிக்கலுக்கும் சிவிலுக்கும் ஒரு மேட்ச், எலெக்ட்ரிக்கலுக்கும் எலெக்ட்ரானிக்ஸுக்கும் ஒரு மேட்ச். கோல் போஸ்ட்டுக்கு வேண்டிய பைப்பை வெல்டு செய்ய நம் ஒர்க்‌ஷாப்பில் ஆளா இல்லை?

முதலாமாண்டுத் தம்பிகளே! நாங்கள் இந்த வருஷத்தோடு போய்விடுவோம். பந்து இனி உங்கள் காலில்!