சிலந்தியின் பிள்ளை

நீல் கெய்மனின் 'அனான்ஸி பாய்ஸ்' (2005) நாவலை மாயக்கதையாக எண்ணியே நாங்கள் வாசிக்கத் தொடங்கினோம். இறுதிவரை எங்களை இழுத்துச் சென்றதோ ஒரு மகனின் வெட்கம்.

பொய் சொல்லித் தன்னை ஜனாதிபதி வேடத்தில் பள்ளிக்கு அனுப்பிய தந்தையை நினைத்து, வளர்ந்த பின்னும் கூசுகிறான் சார்லி. அவர் இறந்த பிறகே, அவர் அனான்ஸி என்னும் சிலந்தித் தெய்வம் என அறிகிறான்.

கானாவின் அகான் மக்களது கதையில், மலைப்பாம்பையும் சிறுத்தையையும் குளவிகளையும் தந்திரத்தால் பிடித்துக் கொடுத்து, வானக் கடவுள் நியாமேயிடமிருந்து கதைகள் அனைத்தையும் பெறுகிறது அச்சிலந்தி. அடிமைகளாகக் கரீபியத் தீவுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டோர் அக்கதைகளையும் உடன் சுமந்தனர். வலியவனை எளியவன் ஏய்க்கும் கதை அவர்களுக்கு வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்க இயலாது.

தந்தையின் கோமாளித்தனம் அவ்வழி வந்தது. பாடக் கூசிய சார்லி இறுதியில் பாடும்போது அவன் ஏற்றுக்கொள்வது தந்தையை மட்டுமன்று; அச்சத்தைச் சிரித்தே கடந்த ஒரு மரபையும்தான் என்று எங்களுக்குத் தோன்றியது.