கம்பத்தில் யார் ஏறுவது?

அக்டோபர் 11, 2025, சனி

காந்தி ஜெயந்தியன்று நடக்க வேண்டிய கிராம சபை, ஆயுத பூஜை, விஜயதசமி விடுமுறைகளால் தள்ளிப்போய் இன்று நடந்தது. முதலமைச்சர் காணொலியில் பேசினார். எங்கள் ஊரில் பள்ளிக்கூட வராந்தாவில் திரை கட்டியிருந்தார்கள். ஊராட்சி அலுவலகத்துக்கு வந்திருக்கும் கண்ணாடி இழைக் கேபிள் பள்ளிக்கூடம் வரை வரவில்லை. அதனால் செயலர் தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பில் இணைத்தார். படம் நின்று நின்று வந்தது.

நூறு நாள் வேலைக்குப் போகும் ஆயா ஒருவர் எழுந்து, "கம்பத்துக்குக் கம்பம் கறுப்பா ஒரு ஒயரு இழுத்தீங்களே, அது எதுக்குப்பா?" என்று கேட்டார்.

"அதுவும் நெட்டுக்குத்தான் ஆயா."

"அப்ப உன் போனு எதுக்கு?"

கூட்டம் சிரித்தது. செயலரும் சிரித்துவிட்டார். தீர்மானப் புத்தகத்தில் இந்தக் கேள்வி ஏறவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

தொலைபேசித் துறையில் கேபிள் ஜாயிண்ட் போட்டே தலை நரைத்தவன் நான். ஆயாவின் கேள்வி ராத்திரி முழுக்கக் குடைந்துகொண்டிருந்தது.

அந்தக் கறுப்பு ஒயரின் பெயர் பாரத்நெட். 2011 அக்டோபர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது அதற்குப் பெயர் தேசிய கண்ணாடி இழை வலையமைப்பு. இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளுக்கு 100 எம்.பி.பி.எஸ். வேகத்தில் இணையம், செலவு சுமார் 20,000 கோடி ரூபாய், கெடு இரண்டே ஆண்டு. தமிழ்நாட்டில் இதை மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் செய்கிறது. 12,525 ஊராட்சிகள், சுமார் 1,815 கோடி ரூபாய். திருப்போரூர் பேரூராட்சி என்பதால் இந்தக் கணக்கில் வராது; அதைச் சுற்றியுள்ள எங்களைப் போன்ற ஊராட்சிகள் வரும்.

கேபிளில் 85 சதவீதம் மின்கம்பம் வழியாக, 15 சதவீதம் தரைக்கடியில். கலெக்டர் அலுவலகச் செய்திக்குறிப்புகளில் இன்னொரு வரியும் இருக்கும்: இந்தக் கேபிளில் உலோகம் எதுவும் இல்லை, மறுபயன்பாட்டுக்கும் உதவாது. செம்பு என்று நினைத்து அறுத்துப் போகிறவர்களுக்கான சேதி அது. செம்புக் கம்பி காலத்தில் திருட்டை எத்தனையோ பார்த்தவன் என்பதால், அந்த வரியின் அருமை எனக்குத் தெரியும்.

அக்டோபர் 16, வியாழன்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக வானிலை மையம் அறிவித்தது. சாயங்காலம் பக்கத்து வீட்டு மருமகள் வந்தாள். "பெரியப்பா, மோடத்துல செவப்பு லைட்டு எரியுது. ஆபீஸ் மீட்டிங் இருக்கு."

அது தனியார் இணைப்பு. சிவப்பு விளக்கு எரிந்தால் வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். கஸ்டமர் கேருக்குப் போட்டால், "உங்கள் ஏரியாவில் ஃபைபர் கட், 24 மணி நேரத்தில் சரியாகும்" என்கிறது பதிவு செய்த குரல்.

செம்புக் கம்பி அறுந்தால் தோலை உரித்து முறுக்கிவிட்டுப் பேச ஆரம்பித்துவிடலாம். கண்ணாடி அப்படி அல்ல. 125 மைக்ரான் பருமனுள்ள இரண்டு முனைகளைச் சுத்தமாக வெட்டி, நேர்வைத்து, ஸ்ப்ளைசிங் மெஷினில் மின்பொறியால் உருக்கி ஒட்ட வேண்டும். எத்தனையாவது மீட்டரில் அறுந்தது என்று ஓ.டி.டி.ஆர். கருவி சொல்லிவிடும். அங்கே மெஷினோடு போய் மழையில் ஏணி போட ஆள் வேண்டும். இழுப்பது ஒரு தடவை வேலை. காப்பாற்றுவது தினசரி வேலை. ஒப்பந்தத்தில் முதலாவதற்குத்தான் பெரிய பில்.

பாரத்நெட்டின் முதல் அமைப்பில் இன்னொரு பலவீனம். ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து கேபிள் கிளம்பி ஊராட்சி ஊராட்சியாக ஒரே கோட்டில் போகும். சாலை அகலப்படுத்தும் ஜே.சி.பி. நடுவில் ஓரிடத்தில் கடித்தால், அதற்கப்பால் உள்ள எல்லா ஊரும் இருட்டு. வளையமாகப் போட்டிருந்தால் மறுபக்கம் சுற்றி வெளிச்சம் வந்துவிடும். இது எங்கள் துறையில் பழைய பாடம். 2023 ஆகஸ்டில் திருத்திய திட்டம் வளைய அமைப்பையே சொல்கிறது.

அக்டோபர் 22, புதன்

கந்த சஷ்டி விரதம் தொடங்கியது. கடைத்தெருவில் ரீசார்ஜ் செய்தேன். கடைக்காரத் தம்பியிடம், "போன வருஷம் ஜூலையில் கட்டணத்தை ஏத்தினானே, அதுக்கப்புறம் சனங்க ரீசார்ஜ் குறைச்சுட்டாங்களா?" என்றேன். "குறைக்க முடியுமா சார்? ஓ.டி.பி. வர்றதுக்காவது சிம் உயிரோட இருக்கணுமே" என்றான்.

பலருக்குத் தெரியாத கணக்கு ஒன்று உண்டு. தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 8 சதவீதத்தை அரசுக்கு உரிமக் கட்டணமாகக் கட்டுகின்றன. அதில் 5 சதவீதம் கிராமப்புறத் தொலைத்தொடர்புக்கென்று உள்ள பொது நிதிக்குப் போகிறது. பாரத்நெட் அந்த நிதியில் ஓடுகிறது. நிறுவனம் கட்டும் காசு யாருடையது? நம் ரீசார்ஜிலிருந்து போனது. ஆக, கறுப்பு ஒயருக்கு ஆயாவும் பணம் கட்டியிருக்கிறார். அது ஓடாத நாளில் போன் டேட்டாவுக்கு மறுபடியும் கட்டுகிறார். ஒரே தண்ணீருக்கு இரண்டு தடவை விலை.

அக்டோபர் 25, சனி

இன்றோடு திட்டத்துக்குப் பதினான்கு வயது. மழை விட்டிருந்ததால் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

2011-இல் 20,000 கோடி. இரண்டரை லட்சத்தால் வகுத்தால் ஊராட்சிக்கு 8 லட்சம் ரூபாய். இரண்டு ஆண்டுக் கெடு தாண்டி, முதல் ஒரு லட்சம் ஊராட்சிகள் முடிந்ததாக அறிவித்ததே 2017 டிசம்பரில்தான். அதே ஆண்டு மொத்தச் செலவு 42,068 கோடியானது. ஊராட்சிக்குச் சுமார் 17 லட்சம். 2020 சுதந்திர தின உரையில் பிரதமர், ஆயிரம் நாளில் ஆறு லட்சம் கிராமங்களுக்கும் கண்ணாடி இழை என்றார். அந்த ஆயிரம் நாள் 2023 மே மாதத்தில் கழிந்தது. மூன்று மாதம் கழித்து, ஆகஸ்டில், அமைச்சரவை புதிதாக 1,39,579 கோடிக்கு ஒப்புதல் தந்தது. இடையில் 16 மாநிலங்களில் தனியாரோடு சேர்ந்து செய்யலாம் என்று 2021-இல் எடுத்த முடிவு, ஏலத்துக்கு ஆள் வராமல் நின்றுபோனது.

தமிழ்நாட்டின் தாமதத்துக்குத் தனிக் கதை. 2019 டிசம்பரில் விட்ட டெண்டரின் நிபந்தனைகள் மீது புகார் கிளம்பி, உள்நாட்டுத் தயாரிப்புக்கு முன்னுரிமை தரும் ஆணைக்கு அவை முரணாக இருப்பதாகச் சொல்லி 2020 ஜூனில் மத்திய அரசு அதை ரத்து செய்யச் சொன்னது. மறு டெண்டர் முடிந்து வேலை தொடங்க மேலும் காலம் பிடித்தது.

புதிய தொகையில் பத்து ஆண்டுப் பராமரிப்பும், ஒன்றரைக் கோடி கிராமப்புற வீட்டு இணைப்புகளும் அடக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்த இரண்டும் முதல் நாளே இருந்திருக்க வேண்டியவை. ஊராட்சி அலுவலகத்தோடு கேபிளை நிறுத்தியது, ஊருக்கு மேல்நிலைத் தொட்டி கட்டிவிட்டு வீட்டுக்குக் குழாய் போடாமல் விட்ட கதைதான்.

அக்டோபர் 27, திங்கள்

சூரசம்ஹாரம். திருப்போரூரில் முருகன் வானத்தில் நின்று போரிட்டதாக ஐதீகம். கந்தசாமி கோயிலைச் சுற்றி எள் போட்டால் எண்ணெய் ஆகும் கூட்டம். போனில் சிக்னல் கோடு முழுதாக இருந்தும் வாட்ஸ்அப் படம் போகவில்லை. ஒரே டவரில் இத்தனை பேர் தொங்கினால் அப்படித்தான். கூட்டம் கூடும் இடத்தில் பளுவைத் தாங்குவது கண்ணாடி இழைதான்; டவருக்கே அது தேவை.

வேடிக்கை என்னவென்றால், இங்கிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் பஸ் ஏறினால் சிறுசேரி சிப்காட். அங்கே மென்பொருள் நிறுவனங்கள், டேட்டா சென்டர்கள். கடலுக்கடியில் வரும் சர்வதேசக் கேபிள்கள் இந்தியாவில் கரையேறும் பெரிய இரண்டு நகரங்கள் மும்பையும் சென்னையும். உலகத்தின் வெளிச்சம் எங்கள் கடற்கரைப் பக்கமாகத்தான் உள்ளே வருகிறது. சிறுசேரியில் கேபிள் அறுந்தால் அன்றே ஆள் வருவார், காரணம் எளிது. இத்தனை மணி நேரத்துக்கு மேல் நின்றால் அபராதம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்கிறார்கள். ஆயாவின் சார்பில் யாரும் எழுதி வாங்கவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

சிட்னியில் இருக்கும் தங்கை மகன் போன் செய்தான். எங்கள் கதையைச் சொன்னதும், "மாமா, இங்கேயும் இதே புலம்பல்தான்" என்றான். ஆஸ்திரேலியா 2009-இல் 43 பில்லியன் டாலர் மதிப்பீட்டில் தேசிய அகலக்கற்றை வலையமைப்பை அறிவித்தது. பெரும்பாலான வீடுகளுக்குக் கண்ணாடி இழை என்பது திட்டம். 2013-இல் ஆட்சி மாறியது. செலவைக் குறைக்கிறோம் என்று பல இடங்களில் கடைசித் தூரத்துக்குப் பழைய செம்பையே வைத்துக்கொண்டார்கள். 2020-இல் கட்டி முடித்ததாக அறிவித்தபோது செலவு 50 பில்லியனைத் தாண்டியிருந்தது. அதே ஆண்டில், செம்பை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட மேலும் பணம் ஒதுக்கினார்கள். சிக்கனம் என்று செய்தது இரட்டைச் செலவானது.

ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே ஒவ்வொரு வீடும் சந்தாதாரர். வேகம் குறைந்தால் புகார் செய்ய முறைமன்றம் இருக்கிறது. இங்கே பாரத்நெட்டில் கணக்கு ஊராட்சி எண்ணிக்கையில் நிற்கிறது. இத்தனை லட்சம் ஊராட்சிகள் தயார், இத்தனை லட்சம் கிலோமீட்டர் கேபிள் என்கிறார்கள். போன மாதம் எத்தனை நாள் ஓடியது என்ற கணக்கு ஊர்க்காரன் கண்ணில் படுவதில்லை.

ஜனவரி 26 கிராம சபைக்கு மனு எழுதி வைத்துவிட்டேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஊராட்சி அலுவலகச் சுவரில், வரவு செலவு எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் நான்கு வரி எழுத வேண்டும்: இந்த மாதம் இணையம் ஓடிய நாட்கள், நின்ற நாட்கள், பழுதுக்கு அழைக்க வேண்டிய எண், எத்தனை மணி நேரத்துக்குள் ஆள் வருவார் என்பது. பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கடைக்கும் அலுவலகத்திலிருந்து கேபிள் இழுக்க ஒரு தீர்மானம்.

முதல் கையெழுத்தை ஆயாவிடம் வாங்கினேன். "நான்தான் காசு கட்டினேன்னு மேலயே எழுதிடு" என்றார். எழுதிவிட்டேன்.