காணாத கைகள்

பண்டைத் தமிழர் பொருள் ஈட்டுவதற்காகக் கடல் கடந்தனர். ஈட்டிய பொருளைச் செலவிடுவதற்காகவே கடல்மீது செல்வதை அவர்கள் எண்ணியும் பார்த்திருக்கமாட்டார்கள். இன்றோ, கடலைக் கண்டு களிப்பதற்கென்றே மக்களை ஏற்றிச் செல்லும் உல்லாசக் கப்பல்கள் உலகெங்கும் ஓடுகின்றன. 2024 ஆம் ஆண்டில் அத்தகைய கப்பல் ஒன்றில் நானும் என் துணைவியாரும் நான்கு இரவுகள் பயணம் செய்தோம். கடலின் அழகைப் பாட வல்லவர் பலர் உளர். நான் கூறப்போவது பணத்தைப் பற்றியும், மின்சாரத்தைப் பற்றியும், அவ்விரண்டினாலும் நான் கற்ற ஒரு பாடத்தைப் பற்றியுமே ஆகும்.

ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்ற பின், சிங்கப்பூரில் வாழும் எங்கள் மகளைக் காணச் சென்றிருந்தோம். அவளே இப்பயணத்துக்கு ஏற்பாடு செய்தாள். சிங்கப்பூரின் மரீனா பே துறைமுகத்திலிருந்து புறப்பட்டுப் பினாங்கு, புக்கெட் ஆகிய இடங்களைக் கண்டு மீள்வது எங்கள் வழி. என் துணைவியாருக்கு ஆஸ்துமா உண்டு. மருந்தை ஆவியாக்கி உள்ளே செலுத்தும் நெபுலைசர் என்னும் கருவியை அவர் எப்போதும் உடன் வைத்திருப்பார். அதன் பிளக்கு நம் நாட்டு முறைப்படி மூன்று உருண்டைக் கால்கள் உடையது. ஆகவே, எந்த நாட்டுப் பிளக்கையும் ஏற்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றை மகள் எங்கள் பையில் வைத்திருந்தாள்.

கப்பலில் ஏறுமுன் பைகளைச் சோதித்தனர். நெபுலைசரைப் பார்த்து, “இது மருத்துவக் கருவி, எடுத்துச் செல்லலாம்” என்றனர். எக்ஸ்டென்ஷன் பெட்டியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, பயணம் முடிந்ததும் திருப்பித் தருவதாக ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தனர். காரணம் கேட்டேன். “கப்பலின் விதி” என்பதே விடை. எனக்குச் சினம் மூண்டது. அறைக்குள் சென்று பார்த்தபோது அது மேலும் வளர்ந்தது. அங்கே சுவரில் இரண்டு வகைத் துளைகளே இருந்தன. ஒன்று இரு தட்டைக் கால்களுக்கு உரியது. மற்றொன்று இரு உருண்டைக் கால்களுக்கு உரியது. எங்கள் மூன்று கால் பிளக்கு இரண்டிலும் நுழையவில்லை.

கப்பலில் பணத்தாளுக்கோ நாணயத்துக்கோ இடமில்லை. ஏறும்போது ஓர் அட்டை தருகின்றனர். அதுவே அறையைத் திறக்கும் திறவுகோல், அதுவே பணப்பை. காப்பி அருந்தினாலும், பொம்மை வாங்கினாலும் அட்டையை நீட்ட வேண்டும். செலவு எங்கோ ஒரு கணக்கில் அமெரிக்க டாலரில் ஏறிக்கொண்டே இருக்கும். மடியிலுள்ள பணம் குறைவதை நம் கை அறியும். கணக்கில் ஏறும் பணத்தை எது அறியும்? முதல் நாள் மாலை, பேரக் குழந்தைகளுக்கு ஒன்றும் எங்களுக்கு ஒன்றுமாகச் சில பொருள்கள் வாங்கினோம். மறுநாட் காலை கணக்குச் சீட்டைப் பார்த்தபோதுதான் எங்கள் கை எவ்வளவு நீண்டுவிட்டது என்பது விளங்கியது. அன்று முதல் என் துணைவியார் ஒரு சிறு குறிப்பேட்டில் ஒவ்வொரு செலவையும் அவ்வப்போது எழுதலானார். செலவும் பாதியாகக் குறைந்தது.

அச்சீட்டிலே வேறொரு வரியும் இருந்தது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 18 டாலர் வீதம் ‘பணியாளர் அன்பளிப்பு’ என்று எழுதியிருந்தனர். எங்கள் இருவருக்கும் நான்கு நாள்களுக்கு 144 டாலர். அதாவது ஏறக்குறையப் பன்னிரண்டாயிரம் ரூபாய்! ‘அன்பளிப்பு என்பது அன்பினால் அளிப்பது அன்றோ? இவர்களாகவே எழுதிக்கொள்ளும் தொகைக்கு அப்பெயர் எவ்வாறு பொருந்தும்?’ என்று எண்ணினேன். எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் பறிகொடுத்த சினமும் உடன் சேர்ந்துகொண்டது. நேரே வரவேற்பு மேடைக்குச் சென்றேன். அவ்வரியை நீக்குமாறு கேட்டேன். அங்கிருந்த இளம்பெண் ஒரு சொல்லும் மறுத்துரைக்கவில்லை. ஒரு தாளில் என் கையொப்பத்தை வாங்கிக்கொண்டு தொகையை நீக்கிவிட்டாள். ‘எங்கள் அறையைத் தூய்மை செய்யும் பணியாளருக்கு இறுதியில் 20 டாலரை என் கையாலேயே கொடுப்பேன். அதுவன்றோ முறை!’ என்று மனத்துக்குள் மகிழ்ந்தேன்.

அன்று பிற்பகல் கப்பல் பினாங்கை அடைந்தது. ஜார்ஜ் டவுனிலுள்ள லிட்டில் இந்தியாவில் தமிழ் ஒலி கேட்டது. ஒரு கடையில், பல நாட்டுத் துளைகளுக்கும் பொருந்தும் அடாப்டர் ஒன்றை வாங்கினேன். என் வங்கி அட்டையைக் கொடுத்தபோது, ரிங்கிட்டில் செலுத்துவதா, ரூபாயில் செலுத்துவதா என்று கடைக்காரரின் கருவி வினவியது. ரூபாய் நமக்குத் தெரிந்த பணமாயிற்றே என்று அதையே தேர்ந்தேன். அது பிழை என்பதைப் பின்னர் அறிந்தேன். அவ்வாறு தேர்ந்தால், நாணய மாற்றின் விலையைக் கருவியின் பின்னுள்ள நிறுவனம் தன் விருப்பம்போல் அமைத்துக்கொள்ளும். பெரும்பாலும் அது நமக்கு இழப்பாகவே முடியும். எந்த நாட்டில் வாங்குகிறோமோ அந்த நாட்டு நாணயத்தையே தேர்வது நன்று.

அடுத்து ஓர் உணவுக்கடையில் தேநீர் அருந்தினோம். மீதிச் சில்லறையை மேசைமீது வைத்துவிட்டு வெளியே வந்தோம். அங்கு வேலை செய்யும் பையன், “ஐயா, மீதிக் காசை விட்டுவிட்டீர்களே!” என்று தெருவரை ஓடிவந்து கொடுத்தான். மலேசியாவில் இனாம் கொடுக்கும் வழக்கம் மிகுதியாக இல்லை. ஜப்பானில் இனாம் நீட்டினால் வாங்க மறுப்பவரே மிகுதி. அமெரிக்க உணவகங்களிலோ விலையில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பங்கு வரை கொடுக்காமல் எழுந்து செல்வது மரியாதைக் குறைவாகும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு முறை. அம்முறையை அறியாமல் நாமாகவே நீதி வகுப்பது தவறு என்பதை அப்பையன் எனக்கு உணர்த்தியிருக்க வேண்டும். ஆயினும், நான் அப்போது உணரவில்லை.

அன்றிரவு கப்பல் புக்கெட்டை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. பத்தரை மணியளவில் என் துணைவியாருக்கு இழுப்புக் கண்டது. பேசவும் இயலாமல் மூச்சுக்குத் தவித்தார். நான் விரைந்து நெபுலைசரை எடுத்தேன். புதிய அடாப்டரைக் கட்டிலுக்கு அருகிலிருந்த தட்டைத் துளையில் செருகி, அதிற் கருவியைப் பொருத்தினேன். பிளக்கு நன்றாகவே நுழைந்தது. கருவியும் முனகியது. ஆனால் மருந்து ஆவியாகி வரவில்லை. என் கைகள் நடுங்கின.

கதவைத் திறந்து வெளியே ஓடினேன். எங்கள் அறைப் பணியாளர் நடைவழியில் துணிவண்டியைத் தள்ளிக்கொண்டு அன்றைய வேலையை முடித்துக்கொண்டிருந்தார். அவர் ஜாவாத் தீவினர், முப்பது வயதிருக்கும். என் முகத்தைக் கண்டதுமே வண்டியை விட்டுவிட்டு உள்ளே வந்தார். ஒரு கையால் தொலைபேசியை எடுத்து மின்பணியாளரை அழைத்தார். மறு கையால் என் துணைவியாரின் முதுகுக்குத் தலையணைகளை அண்டை கொடுத்து நிமிர்ந்து உட்கார வைத்தார். “மருத்துவரையும் வரச் சொல்லியிருக்கிறேன்” என்று மெல்லக் கூறினார்.

சில நிமிடங்களில் மின்பணியாளர் வந்தார். கருவியின் அடியில் எழுதியிருந்ததைப் படித்தார். “இதற்கு 220 வோல்ட் வேண்டும். நீங்கள் செருகியிருப்பது 110 வோல்ட் துளை” என்றார். அடாப்டரைப் பிடுங்கி, அதன் உருண்டைக் கால்களை வெளியே தள்ளி, மேசையருகே இருந்த மற்றொரு துளையில் செருகினார். கருவி உரக்க ஒலித்தது. வெண்புகைபோல் மருந்து எழுந்தது. மருத்துவர் வந்து சேர்ந்தபோது என் துணைவியாரின் மூச்சு ஒருவாறு சீராகத் தொடங்கியிருந்தது. அவர் சோதித்துப் பார்த்து, அச்சமில்லை என்றார்.

மாணவர்களே, அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மாற்றுமே அன்றி மின்னழுத்தத்தை மாற்றாது. தட்டைத் துளை பெரும்பாலும் 110 வோல்ட் உடையது. உருண்டைத் துளை 220 வோல்ட் உடையது. மின்னழுத்தம் பாதியானால் வெப்பந்தரும் கருவியின் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகிவிடும். 110 வோல்ட்டுக்கு உரிய கருவியை 220 வோல்ட்டில் செருகினாலோ ஆற்றல் நான்கு மடங்காகிக் கருவி கருகிவிடும். ‘100–240 வோல்ட்’ என்று எழுதப்பெற்ற கருவிகளே இரண்டுக்கும் ஏற்றவை. கைப்பேசிக்கு மின்னேற்றும் கருவிகள் பலவும் இத்தகையனவே.

எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் பற்றியும் அம்மின்பணியாளரிடம் கேட்டேன். அவர் சினவாமல் விளக்கினார். நிலத்திலே மின்கம்பிகளுள் ஒன்று மண்ணோடு இணைக்கப்பட்டிருக்கும். கப்பல்கள் பலவற்றில் எந்தக் கம்பியும் கப்பலின் உடலோடு இணைக்கப்படுவதில்லை. ஓரிடத்திற் பழுது நேர்ந்தாலும் இன்றியமையாத பொறிகள் நின்றுவிடாமல் ஓடுவதற்கே இந்த ஏற்பாடு. திடீரென எழும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் உறுப்புள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டிகள் நில முறைக்கெனச் செய்யப்பட்டவை. கப்பலில் அவை சூடேறித் தீப்பற்றக்கூடும். இதுபற்றி அமெரிக்கக் கடலோரக் காவற்படை 2013 ஆம் ஆண்டிலேயே எச்சரித்துள்ளது. நடுக்கடலில் தீ எழுந்தால் ஓடிப்போக வீதி ஏது? 2006 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கரிபியன் கடலில் ‘ஸ்டார் பிரின்சஸ்’ என்னும் கப்பலில் மூண்ட தீ நூற்றுக்கு மேற்பட்ட அறைகளைப் பாழாக்கியது, ஒருவர் உயிரிழந்தார். அணையாத ஒரு சிகரெட்டுத் துண்டே அத்தீக்குக் காரணமாய் இருந்திருக்கலாம் என்று ஆராய்ந்தோர் கருதினர். “மேலும், உங்கள் பெட்டியின் பிளக்கு சிங்கப்பூர் வகை என்கிறீர்கள். அதன் மூன்று பட்டைக் கால்கள் இச்சுவரில் நுழைந்தே இரா” என்று சொல்லி அவர் சிரித்தார். நான் தலைகுனிந்தேன்.

எல்லோரும் சென்ற பின், அறைப் பணியாளரை நிறுத்தி 20 டாலரை நீட்டினேன். அவர் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். “நன்றி ஐயா. என் மகள் பள்ளியிற் படிக்கிறாள், இது உதவும். ஆனால் எங்கள் கப்பலில் நாள்தோறும் கணக்கிலிருந்து வரும் அன்பளிப்பே பெரியது. அது எனக்கு மட்டும் அன்று. கீழ்த்தளத்தில் விரிப்புகளை வெளுப்பவர்கள், சமையற்கூடத்தில் தட்டுகளைக் கழுவுகிறவர்கள் எல்லோருக்கும் அதில் பங்குண்டு. பயணிகள் அவர்களைக் காண்பதே இல்லை” என்றார். அத்தொகையை நான் நீக்கியது அவருக்குத் தெரியாது. தெரியாமையால் அவர் கூறிய சொற்கள், தெரிந்து கூறியிருந்தால் சுட்டிருக்கக்கூடியதைவிட மிகுதியாக என்னைச் சுட்டன.

இரவெல்லாம் எனக்கு உறக்கம் வரவில்லை. உழைப்பவனுக்கு உரிய ஊதியத்தை அவனை வேலைக்கு அமர்த்தியவரே முழுமையாகக் கொடுத்தல் வேண்டும். பயணியின் மனநிலைக்கு அதை விட்டுவிடலாகாது. இக்கருத்தை நான் இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. கப்பலில் உழைப்போரின் ஊதியம், ஓய்வு முதலியவற்றுக்கென 2006 ஆம் ஆண்டில் ஓர் உலக உடன்படிக்கை உருவாகி, 2013 முதல் நடைமுறையில் உள்ளது. எந்த ஏழு நாள்களிலும் எழுபத்திரண்டு மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது என்பது அதன்படி நாடுகள் தேர்ந்துகொள்ளக்கூடிய வரம்புகளுள் ஒன்று. எழுபத்திரண்டு மணி என்பதே எத்துணைக் கடுமையானது! வழக்கம் மாற வேண்டும் என்பது சரியே. ஆனால் வழக்கம் மாறும்வரை, தட்டுக் கழுவுகிறவரின் பங்கைப் பிடுங்கிவிட்டு அதை நீதி என்று சொல்லிக்கொள்ள எனக்கு என்ன உரிமை?

விடிந்ததும் வரவேற்பு மேடைக்குச் சென்று, நீக்கிய தொகையை மீண்டும் சேர்க்குமாறு கேட்டேன். அதே இளம்பெண்தான் இருந்தாள். முன்போலவே ஒரு தாளை நீட்டினாள். ஆயினும் இம்முறை புன்னகை செய்தாள்.

ஐந்தாம் நாட் காலை சிங்கப்பூரில் இறங்கினோம். சீட்டைக் காட்டியதும் எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் திருப்பித் தந்தனர். வெளியே நின்று ஒருமுறை கப்பலை ஏறிட்டு நோக்கினேன். மேல்தளங்களிற் பயணிகள் கையசைத்துக்கொண்டிருந்தனர். நீர்மட்டத்துக்கு அருகே ஒரு சிறு கதவு திறந்திருந்தது. அங்கே நீல உடையணிந்த ஒருவர், அழுக்குத் துணி மூட்டை ஒன்றை இழுத்து வைத்துவிட்டு, ஒரு கணம் வெயிலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அவரை நோக்கிக் கையை உயர்த்தினேன். அவர் என்னைக் காணவில்லை. மீண்டும் உள்ளே சென்றுவிட்டார்.