ஐம்பதில் வளையும் நாக்கு

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர். பிள்ளைகளை இளமையிலேயே திருத்தி வளர்க்கும்படி பெற்றோர்க்குக் கூறப்பட்ட அறிவுரை இது. ஆனால் நாளடைவில், ஐம்பதைக் கடந்தோர் ஒன்றும் கல்லாதிருப்பதற்கு இதனையே சாக்காகக் கொண்டுவிட்டனர். ஐம்பத்து மூன்றாம் வயதில் ஸ்பானிய மொழியை முதல் எழுத்திலிருந்து கற்கத் தொடங்கியுள்ள நாம், இதுபற்றிச் சில எண்ணங்களை வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

இது பொழுதுபோக்குக்காக மேற்கொண்ட முயற்சியன்று. ஸ்பெயின் நாட்டின் கிராமப் பங்குகளில் சில காலம் பணியாற்ற வருமாறு நமக்கு அழைப்பு வந்துள்ளது. அந்நாட்டின் உட்பகுதிச் சிற்றூர்கள் பலவற்றில் இளைஞர் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட, முதியோரே எஞ்சியிருக்கின்றனர். ஒரே குரு பல ஊர்களைக் கவனிக்க வேண்டிய நிலை. திருப்பலியை நூலைப் பார்த்து நிறைவேற்றிவிடலாம். ஆனால் மரணப் படுக்கையிலிருக்கும் முதியவர் ஒருவர் நம் கையைப் பற்றிக்கொண்டு, வாழ்நாளெல்லாம் நெஞ்சில் பூட்டிவைத்திருந்ததைத் தாழ்ந்த குரலில் கூறும்போது, விளங்காமல் தலையசைக்கும் குருவினால் அவருக்கு என்ன ஆறுதல்? ஒப்புரவு அருட்சாதனத்தில் மொழிபெயர்ப்பாளரின் துணையைப் பெறத் திருச்சபைச் சட்டம் இடந்தருகிறது. எனினும், மூன்றாம் ஒருவர் முன்னிலையில் நெஞ்சைத் திறக்க எத்தனை பேர் முன்வருவர்?

கற்கப் புகுந்தபோது நாம் கண்ட முதல் உண்மை, தமிழன் இம்மொழியிடம் வெறுங்கையோடு செல்லவில்லை என்பதே. அ, எ, இ, ஒ, உ என ஐந்து உயிரொலிகளே ஸ்பானியத்தில் உண்டு. இடையின ரகரத்தால் 'பெரோ' என்றால் 'ஆனால்' என்று பொருள். வல்லின றகரத்தால் நாநுனி அதிரப் 'பெறோ' என்றால் நாய் என்று பொருள். பள்ளியில் தமிழாசிரியர் கரையையும் கறையையும் வேறுபடுத்தி ஒலிக்கச் செய்த பயிற்சி இங்கே பயன்படுகிறது. 'பத்து' என்னும் சொல்லில் அழுத்தமாக ஒலிக்கும் தகரம், 'அது' என்னும் சொல்லில் நெகிழ்ந்து ஒலிக்கிறதன்றோ? ஸ்பானியத்தின் தகரமும் உயிர்களுக்கிடையே அவ்வாறே நெகிழ்கிறது. 'ஒன்றுமில்லை' எனப் பொருள்படும் சொல், இறைவனை நாம் விளிக்கும் 'நாதா' போலவே காதில் விழுகிறது! கடினமானது, தொண்டையின் அடியிலிருந்து உரசியெழும் ஹகர ஒலிதான். நம் சூசையப்பர் அங்கே 'ஹொசே' ஆகிறார்.

இலக்கணத்திலும் ஒற்றுமை உண்டு. 'ஆப்லோ' என்றாலே 'பேசுகிறேன்', 'ஆப்லாமோஸ்' என்றாலே 'பேசுகிறோம்'. நான், நாம் என்று எழுவாயைத் தனியே கூறத் தேவையில்லை. வினையின் விகுதியே காட்டிவிடும். ஆங்கிலேயர் 'நான் காப்பியை விரும்புகிறேன்' என்னும் பாங்கில் கூறுவதை, ஸ்பானியர் நம்மைப் போலவே 'எனக்குக் காப்பி பிடிக்கும்' என்கின்றனர். இயல்பைக் கூற ஒரு வினையும், நிலையைக் கூற வேறொரு வினையும் அம்மொழியில் உள்ளன. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டத்தில் நின்று 'லா ஊபா எஸ் பெர்தே' என்றால், இது பச்சை நிறத் திராட்சை வகை என்று பொருள். 'லா ஊபா எஸ்தா பெர்தே' என்றால், திராட்சை இன்னும் பழுக்காமல் காயாக இருக்கிறது என்று பொருள். நம் விவசாயிக்கு இவ்வேறுபாட்டை விளக்கவும் வேண்டுமோ?

இடர்ப்பாடுகளும் இல்லாமலில்லை. தமிழில் பால் பகுப்பு பொருளின் தன்மையைப் பின்பற்றுகிறது. ஸ்பானியத்திலோ புத்தகம் ஆண்பால், மேசை பெண்பால். 'ஓ' என முடிவன பெரும்பாலும் ஆண்பாலாயினும், கை எனப் பொருள்படும் 'மானோ' பெண்பால். இலத்தீனிலும் அது பெண்பாலே என்பதைக் குருமடப் பாடத்தால் அறிந்திருந்ததால் நமக்கு எளிதாயிற்று. மற்றவற்றை மனப்பாடம் செய்வதன்றி வேறு வழியில்லை. நாளொன்றுக்குப் பத்துச் சொற்களை வாய்விட்டுச் சொல்லி, ஒரு வாரம் கழித்து மீண்டும் சோதிக்கிறோம். சில சொற்கள் மட்டும் உழைப்பின்றியே வருகின்றன. மேசை அங்கே 'மேசா', அலமாரி 'அர்மாரியோ', பீப்பாய் 'பீப்பா'. இவை போர்த்துக்கீசியரிடமிருந்து தமிழுக்கு வந்தவை. போர்த்துக்கீசியமும் ஸ்பானியமும் இலத்தீன் ஈன்ற உடன்பிறப்புகளல்லவா?

இவ்வழியில் எதிர்த்திசையிலிருந்து நடந்து வந்தோரை நினைத்துப் பார்ப்பது நலம். இன்றைய ஸ்பெயினைச் சேர்ந்த நவார் நாட்டில் 1506-இல் பிறந்த புனித சவேரியார், 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது முப்பத்தாறு வயதினர், தாய்மொழி பாஸ்க். தமிழில் பெயர்க்கப்பட்ட செபங்களை மனப்பாடம் செய்து, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று கற்பித்தார். இத்தாலியில் 1680-இல் பிறந்த வீரமாமுனிவர், முப்பது வயதளவில் இந்தியா வந்து தமிழ் பயின்று, 1732-இல் சதுரகராதியை நமக்கு அளித்தார். அவர் பாடிய தேம்பாவணிக்கு மூலமாக அமைந்தவற்றுள் ஒன்று, ஸ்பெயினின் ஆக்ரெதா ஊர்த் துறவி மரியா எழுதிய நூல். அந்நாட்டிலிருந்து தமிழுக்கு வந்த கொடைக்கு நன்றிக்கடன் செலுத்தும் வாய்ப்பாகவே நம் பயணத்தைக் கருதுகிறோம்.

ஆயினும் நமக்கு உண்மையான ஆசிரியர் வேறெங்கும் இல்லை, இப்பள்ளத்தாக்கிலேயே இருக்கின்றனர். பொழுது புலருமுன் ஜீப்புகளில் ஏறி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தாய்மாரைக் கூறுகிறோம். அவர்களுள் பலர் இலக்கண நூலைத் தொட்டதில்லை. ஆயினும் கூலியைக் கணக்குப் பார்க்கவும், கடையில் பேரம் பேசவும், நோயுற்றால் மருத்துவரிடம் எடுத்துரைக்கவும் போதிய மலையாளத்தை நாற்பது வயதிலும் கற்றுக்கொண்டனர். எப்படிக் கற்றீர்கள் என்று அத்தகைய தாய் ஒருவரிடம் வினவினோம். "தப்பாப் பேசினா சிரிப்பாங்க சாமி. சிரிச்சவங்களே அப்புறம் சரியாச் சொல்லியும் குடுப்பாங்க" என்றார் அவர்.

முதிர்ந்த வயதில் மொழி கற்போர்க்கு இதனினும் சிறந்த அறிவுரை இல்லை எனலாம். குழந்தை விரைந்து கற்பதற்குக் கூரிய செவியோடு, பிறர் சிரிப்புக்கு நாணாத மனமும் காரணம். ஐம்பதில் வளைய மறுப்பது பெரும்பாலும் நாவன்று, நம் பெருமையே. வகுப்பில் கற்பித்துப் பழகியவரும், பீடத்தில் நின்று பேசிப் பழகியவரும் மீண்டும் மழலை பேச இசைய வேண்டும். அதற்கு இசைந்தவர்க்கு மொழி சிறிது சிறிதாக வசப்படுகிறது.

நம் குடும்பங்களிலிருந்து செவிலியராகவும் துறவியராகவும் தொழிலாளராகவும் அயல்மொழி நாடுகளுக்குச் செல்லவிருப்போர் பலர். வயது கடந்துவிட்டதென்று அவர்களைத் தளரச் செய்யாதீர்கள். வீட்டில் அவர்கள் உரக்கப் பயிலும்போது பொறுமையோடு செவிகொடுங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள்; கூடவே ஊக்கமும் அளியுங்கள். பெயரறியா ஊரில் நமக்காகக் காத்திருக்கும் முதியோரின் சொல் நமக்கு விளங்க வேண்டுமென்று, உங்கள் மாலைச் செபத்தில் நம்மையும் நினைவுகூருமாறு வேண்டுகிறோம்.